சிரிப்பு வேடமும் தீவிர வேடமும்: பிரிட்டிஷ் தொலைக்காட்சி நடிகர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிபிசி, ஐடிவி ஆகிய நிறுவனங்களின் நகைச்சுவைத் தொடர்களைப் பார்த்துப் பழகியவர்கள், அவற்றில் நடித்தவர்களைப் பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. எல்லா நடிகர்களையும் சொல்லி முடிக்கும் எண்ணம் இல்லை. சிரிக்க வைத்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள், பிறகு என்ன ஆனார்கள் என்பதே இப்பக்கத்தின் பொருள்.

நகைச்சுவை நடிகர்களையும் தீவிரக் கதைத் தொடர்களின் நடிகர்களையும் சேர்த்துப் பேசுவது ஏன்?

பெரும்பாலும் இருவரும் ஒரே ஆட்கள்தாம் என்பதால். 2013ஆம் ஆண்டு பாஃப்டா தொலைக்காட்சி விருது விழாவில் ஒலிவியா கோல்மன் ஒரே மாலையில் இரண்டு விருதுகளைப் பெற்றார். ஒன்று ‘ட்வென்டி ட்வெல்வ்’ என்ற நகைச்சுவைத் தொடருக்கு. மற்றொன்று ‘அக்யூஸ்ட்’ என்ற கனமான தொடரில் துணை வேடத்துக்கு. அதே ஆண்டில்தான் அவர் ‘பிராட்சர்ச்’ தொடரில், சிறுவன் ஒருவனின் கொலையை விசாரிக்கும் காவல் அதிகாரியாகவும் வந்தார். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன் ‘பீப் ஷோ’வில் சோஃபி என்ற அலுவலகப் பெண்ணாக அவரைக் கண்டு சிரித்தவர்களுக்கு இது வியப்பாக இருந்திருக்கலாம், அந்நாட்டு நடிப்புத் தொழிலை அறிந்தவர்களுக்கு அப்படி இருந்திருக்காது. 2019இல் ஆஸ்கர் மேடையில் நின்றபோது, தாம் ஒரு காலத்தில் வீடுகளைச் சுத்தம் செய்யும் வேலை பார்த்ததையும், அந்த வேலை தமக்குப் பிடித்திருந்ததையும் அவர் நினைவுகூர்ந்தார்.

சிரிப்பு நடிகர் என்றால் கதைக்கு நடுவே வந்து கலகலப்பூட்டிவிட்டுப் போகும் தனி ஆள் என்ற எண்ணம் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வேரூன்றவில்லை. அங்கே நகைச்சுவைத் தொடரின் நாயகனே கதையின் மையம். தான் வேடிக்கையானவன் என்பது அவனுக்குத் தெரியாது; தெரிந்தால் சிரிப்பு செத்துவிடும். அவனை நம்பும்படி நடித்துக் காட்டுவதற்கும் கொலைக்கதையில் காவல் அதிகாரியாக நடிப்பதற்கும் தேவையான திறமை ஒன்றே என்பது இதை எழுதுபவரின் கருத்து.

இவர்கள் நடிப்பை எங்கே கற்றார்கள்?

முந்தைய தலைமுறைக்குப் பள்ளிக்கூடம் ரெபர்ட்டரி எனப்பட்ட ஊர் நாடகக் குழுக்கள்தாம். ஒவ்வொரு நகரத்து அரங்கிலும் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட ஒரு குழு இருக்கும். வாரம் ஒரு நாடகம். மாலையில் இந்த வாரத்து நாடகத்தை ஆட வேண்டும். பகலில் அடுத்த வாரத்து நாடகத்துக்கு ஒத்திகை பார்க்க வேண்டும். இரவில் அறைக்குத் திரும்பி வசனத்தை உருப்போட வேண்டும். இந்த வாரம் கொலைகாரன், அடுத்த வாரம் பாதிரியார், அதற்கடுத்த வாரம் குடிகாரக் கிழவன் என்று மாறிக்கொண்டே இருந்தவருக்கு, ‘நான் நகைச்சுவை மட்டும்தான் செய்வேன்’ என்று சொல்ல இடமே கிடையாது.

வங்கி எழுத்தராக இருந்த ரோனி பார்க்கர் 1948இல் ஐல்ஸ்பரி நகரத்துக் குழு ஒன்றில் சேர்ந்தார். ஆங்கில இலக்கியம் படித்த பட்ரிஷியா ரௌட்லெட்ஜ் லிவர்பூல் பிளேஹவுஸில் தொடங்கினார். எலக்ட்ரீஷியனாகத் தொழில் கற்று, நண்பருடன் சேர்ந்து வயரிங் வேலை எடுத்துச் செய்துகொண்டிருந்த டேவிட் ஜேசன் பிராம்லி அரங்கில் கால் வைத்தார்.

இன்னொரு வழி கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்களின் ஃபுட்லைட்ஸ் மன்றம். ஜான் கிளீஸ், ஹியூ லாரி, எம்மா தாம்சன், ஒலிவியா கோல்மன் ஆகியோர் அவ்வழியே வந்தவர்கள். முதல் வழியில் வந்தவர்களுக்கு எந்த வேடமும் கைவரும். இரண்டாம் வழியில் வந்தவர்களில் பலர் தங்களுக்கான வசனத்தைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். நாடகக் குழுக்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபின் முதல் வழி ஏறக்குறைய அடைபட்டுவிட்டது.

பலருடைய பெயர் சொந்தப் பெயராக இல்லையே, ஏன்?

நடிகர் சங்கமான ஈக்விட்டியின் விதி அது. ஒரே பெயரில் இரண்டு உறுப்பினர்கள் இருக்கக் கூடாது. டேவிட் வைட் என்று பதியச் சென்றவருக்கு அப்பெயர் ஏற்கெனவே போய்விட்டது என்ற பதில் வந்தது. பள்ளிக்காலத்தில் ரசித்த கிரேக்க வீரன் ஜேசனின் பெயரை எடுத்துக்கொண்டு டேவிட் ஜேசன் ஆனார். டேவிட் மெக்டொனால்ட் என்ற ஸ்காட்லாந்து இளைஞர் ஒரு பாப் பாடகரின் குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டு டேவிட் டென்னன்ட் ஆனார். ஹாரி கார்பெட் என்பவர் கைப்பாவை நிகழ்ச்சி நடத்திய இன்னொரு ஹாரி கார்பெட்டிடமிருந்து தம்மைப் பிரித்துக் காட்ட நடுவில் ஹெச் என்ற எழுத்தைச் செருகிக்கொண்டார். அந்த எழுத்துக்கு எந்த விரிவும் இல்லை.

ஏறத்தாழ 1990 வரை இச்சங்கத்தின் அட்டை இல்லாதவருக்கு வேலை கிடைப்பது கடினம். வேலை பார்க்காதவருக்கு அட்டை கிடைப்பதோ அதைவிடக் கடினம்.

ஒரு தொடருக்கு ஆறு பகுதிகள் மட்டும் எடுப்பது ஏன்?

எழுதுபவர் ஒருவர் அல்லது இருவர் என்பதுதான் முதற்காரணம். அமெரிக்காவில் போல ஓர் அறை நிறைய எழுத்தாளர்களை வைத்து ஆண்டுக்கு இருபதுக்கு மேல் எழுதித் தள்ளும் வழக்கம் அங்கே இல்லை. ‘ஃபால்ட்டி டவர்ஸ்’ தொடரை ஜான் கிளீஸும் அவருடைய அப்போதைய மனைவி கோனி பூத்தும் சேர்ந்து எழுதினார்கள். 1975இல் ஆறு, 1979இல் ஆறு என மொத்தமே பன்னிரண்டு பகுதிகள்தாம்.

நடிகர்களுக்கு இதனால் விளைந்த நன்மை பெரிது. ஆறு வாரம் ஒளிபரப்பாகும் தொடரை முடித்துவிட்டு ஆண்டின் மீதி நாட்களில் மேடைக்கோ திரைப்படத்துக்கோ போகலாம். பிபிசியில் ஒரு பகுதிக்கு ஏறக்குறைய ஒரு வாரம் ஒத்திகை. லண்டனின் மேற்கே ஆக்டனில் அதற்கென்றே பல மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. நடிகர்கள் அதைக் கேலியாக ‘ஆக்டன் ஹில்டன்’ என்று ஹோட்டல் பெயரால் அழைத்தார்கள். அங்கே தரையில் ஒட்டிய வண்ண நாடாக்கள்தாம் சுவரும் கதவும். வார இறுதியில் அரங்கில் அமர்ந்திருக்கும் பார்வையாளர் முன்னிலையில் ஒரே மாலையில் பதிவு நடக்கும். நாடக மேடையின் பதற்றமும் கேமராவின் நெருக்கமும் ஒன்றாகச் சேர்ந்த அந்த மாலைகளே இவர்களின் நடிப்பைத் தீட்டின என்று தோன்றுகிறது.

டேவிட் ஜேசன் இவ்வளவு கொண்டாடப்படுவது ஏன்?

1940இல் வடக்கு லண்டனின் எட்மன்டனில், மீன் சந்தைச் சுமைத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். 1968இல் ‘டாட்ஸ் ஆர்மி’யில் கார்ப்பரல் ஜோன்ஸ் வேடம் அவருக்குச் சில மணி நேரம் கையில் இருந்தது, முதலில் அணுகப்பட்ட கிளைவ் டன் ஒப்புக்கொண்டதும் அது கைநழுவியது. பிறகு ‘ஓபன் ஆல் அவர்ஸ்’ தொடரில், கஞ்சக் கடைக்காரரான ரோனி பார்க்கரின் கீழ் வேலை செய்யும் மருமகன் கிரான்வில் ஆனார். ‘போரிட்ஜ்’ சிறைத் தொடரில் முப்பதுகளின் வயதில் பல்போன கிழக் கைதியாகவும் வந்தார். பார்க்கரை அவர் ‘முதலாளி’ என்ற பொருள்படும் லண்டன் சொல்லால்தான் குறிப்பிடுவார்.

1981இல் ஜான் சல்லிவன் எழுதிய ‘ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்’ தொடங்கியது. தெற்கு லண்டன் அடுக்குமாடியில் தம்பியோடும் தாத்தாவோடும் வாழ்ந்து, பெட்டிக்குள் வைத்துத் தெருவில் திருட்டுச் சரக்கு விற்கும் டெல் பாய் என்ற வேடம் அவருக்கு வாய்த்தது. அதற்கு முதலில் நினைக்கப்பட்டவர்கள் வேறு நடிகர்கள். தொடக்கத்தில் பார்த்தவர்கள் குறைவு. 1996 கிறிஸ்துமஸ் காலத்தில் வந்த நிறைவுப் பகுதியைப் பார்த்தவர்கள் 2 கோடியே 43 லட்சம் பேர்.

1989இல் வந்த ஒரு காட்சியை மட்டும் நெருங்கிப் பார்க்கலாம். பணக்கார இளைஞர்கள் கூடும் மதுக்கூடம். டெல் கவுண்டரின் மடக்குப் பலகையில் முழங்கையை ஊன்றி நிற்கிறார், அருகில் நண்பர் டிரிகர். இரண்டு பெண்கள் இவர்களைப் பார்ப்பதுபோல் தெரிகிறது. பணியாள் ஒருவர் வெளியே வருவதற்காகப் பலகையைத் தூக்கிவிட்டுப் போகிறார். டெல் அதைக் கவனிக்கவில்லை. அலட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்று டிரிகருக்கு அறிவுரை சொல்லிக்கொண்டே, மீண்டும் சாய்கிறார். பலகை இல்லை. மரம் சாய்வதுபோல் பக்கவாட்டில் நேராகச் சரிந்து மறைகிறார். விழும் மனிதன் இயல்பாகவே கையை ஊன்றுவான், தரையைப் பார்ப்பான், முழங்காலை மடக்குவான். ஜேசன் இவற்றில் எதையும் செய்யவில்லை. கண்கள் கடைசிவரை அந்தப் பெண்கள் பக்கமே இருக்கின்றன. அடுத்து, ஒன்றும் புரியாமல் மெல்லத் திரும்பித் தேடும் டிரிகரின் முகம். அவ்வேடத்தில் நடித்த ரோஜர் லாய்ட் பேக்குக்கு அந்தச் சிரிப்பில் பாதிப் பங்கு உண்டு.

1992 முதல் 2010 வரை அதே ஜேசன் ‘எ டச் ஆஃப் ஃப்ராஸ்ட்’ தொடரில் கசங்கிய கோட்டும் மீசையுமாகத் துப்பறியும் அதிகாரியாக நடித்தார். முதற்கதையிலேயே அந்த அதிகாரியின் மனைவி நோயில் இறந்துபோகிறார். மக்கள் சிரிக்கவில்லை, சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. 2005இல் அவருக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது.

நடுவில் ஒரு நடிகர் இறந்துவிட்டால் தொடர் என்ன ஆகும்?

டெல் பாயின் தாத்தாவாக நடித்த லெனார்ட் பியர்ஸ் 1984 டிசம்பரில், படப்பிடிப்புத் தொடங்கிய பின் இறந்தார். அதே வேடத்துக்கு வேறு ஒருவரைக் கொண்டுவர சல்லிவன் மறுத்து, தாத்தாவின் இறுதிச் சடங்கையே கதையாக எழுதினார். அந்தச் சடங்குக்கு வரும் உறவுக்காரராக ஆல்பர்ட் மாமா அறிமுகமானார். அவ்வேடத்தை ஏற்ற பஸ்டர் மெரிஃபீல்ட் வாழ்நாளின் பெரும்பகுதியை வங்கியில் கழித்து, மேலாளராக ஓய்வுபெற்ற பின்பே முழுநேர நடிகரானவர்.

‘போரிட்ஜ்’ தொடரில் இளம் கைதி காட்பராக நடித்த ரிச்சர்ட் பெக்கின்சேல் 1979இல் மாரடைப்பால் இறந்தபோது அவருக்கு வயது 31.

ரோனி பார்க்கர் புகழின் உச்சியில் விலகியது ஏன்?

1987 இறுதியில், 58ஆம் வயதில், அவர் தொலைக்காட்சியை விட்டார். எழுதப் புதிதாக எண்ணங்கள் வரவில்லை என்பதும் உடல்நிலையும் காரணங்கள். ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் சிப்பிங் நார்ட்டன் என்ற சிற்றூரில் பழம்பொருள் கடை வைத்தார். அதில் லாபம் வந்ததாகத் தெரியவில்லை. அதற்காக அவர் கடையை நடத்தியதாகவும் தெரியவில்லை.

எண்ணங்கள் தீர்ந்துவிட்டன என்று ஒரு நடிகர் சொல்வது விசித்திரமாகத் தோன்றலாம். பார்க்கர் எழுத்தாளரும் ஆவார் என்பதுதான் இதற்கு விடை. 1960களின் இறுதியில் ஜெரால்ட் வைலி என்ற பெயரில் நிகழ்ச்சித் தயாரிப்பாளர்களுக்கு அஞ்சலில் வசனங்கள் வந்தன. நட்சத்திரம் எழுதியது என்பதற்காக யாரும் ஏற்றுக்கொள்ளக் கூடாது என்றே பார்க்கர் வேறு பெயரில் அனுப்பினார். உடன் நடித்த ரோனி கார்பெட் அந்த முகம் தெரியாத வைலிக்கு நன்றியாகக் கண்ணாடிக் கோப்பைகள் அனுப்பினார். யார் இந்த வைலி, புகழ்பெற்ற நாடகாசிரியர் எவரேனுமா என்று குழுவினர் ஊகித்துக்கொண்டிருந்த நிலையில், சீன உணவகம் ஒன்றில் விருந்து ஏற்பாடாயிற்று. பார்க்கர் எழுந்து ‘நான்தான் வைலி’ என்றார். முதலில் யாரும் நம்பவில்லை.

‘தி டூ ரோனிஸ்’ நிகழ்ச்சியில் 1976இல் வந்த இரும்புக்கடைக் காட்சியும் அந்தக் கையெழுத்தில் பிறந்ததே. வாடிக்கையாளர் ‘ஃபோர் கேண்டில்ஸ்’ கேட்கிறார். கடைக்காரர் நான்கு மெழுகுவத்திகளை எடுத்து வைக்கிறார். இல்லை, ‘ஃபோர்க் ஹேண்டில்ஸ்’, மண்வெட்டி முள்ளுக்குக் கைப்பிடி என்கிறார் வந்தவர். ஹகரத்தை விழுங்கிப் பேசும் அவருடைய வட்டார வழக்கில் இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. இப்படியே பட்டியல் நீள, கடைக்காரரின் பொறுமை தேய்கிறது. பார்க்கர் 2005 அக்டோபர் 3 அன்று காலமானார். மறு ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நடந்த நினைவு வழிபாட்டில், சிலுவையுடன் வழக்கமாகச் செல்லும் இரண்டு மெழுகுவத்திகளுக்குப் பதில் நான்கு எடுத்துச் செல்லப்பட்டன.

‘யெஸ் மினிஸ்டர்’ நடிகர்கள் அரசியல் சார்புடையவர்களா?

அரசியல்வாதியையும் அதிகாரியையும் அவ்வளவு துல்லியமாக நடித்ததால் இந்தக் கேள்வி எழுகிறது. 1980 முதல் 1988 வரை அமைச்சராகவும் பிறகு பிரதமராகவும் ஜிம் ஹேக்கர் வேடத்தில் வந்த பால் எடிங்டன், போரை எதிர்க்கும் கிறித்தவப் பிரிவான குவேக்கர் குடும்பத்தவர். போர்க்காலத்தில் மனச்சான்றின் பேரில் ஆயுதமேந்த மறுத்தவர். அவரை வளைத்துப் பிடிக்கும் செயலாளர் சர் ஹம்ஃப்ரி வேடத்தில் வந்த நைஜல் ஹாதர்ன் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் வளர்ந்தவர். பிரதமர் மார்கரெட் தாட்சர் இத்தொடரின் தீவிர ரசிகை. 1984இல் ஒரு பரிசளிப்பு விழாவில் தாமே பங்கேற்கும் குறுநாடகத்தில் இருவரையும் தம்முடன் நடிக்கவும் வைத்தார். இருவரும் சங்கடத்துடனேயே அதைச் செய்தார்கள்.

ஹம்ஃப்ரியின் நீண்ட வாக்கியங்களை ஹாதர்ன் ஒரே மூச்சில், ஓர் இணைப்புச் சொல்லும் பிசகாமல் சொல்வதைக் கேட்டவர்கள் அதன் உழைப்பை ஊகிக்கலாம். அவ்வேடத்துக்காக அவருக்கு நான்கு பாஃப்டா விருதுகள் கிடைத்தன. நான்கு முறையும் எடிங்டன் போட்டியில் இருந்து வெறுங்கையுடன் திரும்பினார். குழம்புகிறவனை நடிப்பது குழப்புகிறவனை நடிப்பதைவிட எளிது என்று நடுவர்கள் நினைத்தார்கள் போலும். அது சரியல்ல என்பது என் எண்ணம். ஹம்ஃப்ரி பேசும் நேரமெல்லாம் ஹேக்கரின் முகத்தைப் பார்த்தால் இது விளங்கும்.

1991இல் ஹாதர்ன் லண்டன் தேசிய நாடக அரங்கில் மனநிலை பிறழ்ந்த மூன்றாம் ஜார்ஜ் மன்னராக நடித்தார். அதே வேடம் 1994இல் திரைப்படமாகி ஆஸ்கர் பரிந்துரை வரை சென்றது. எடிங்டன் பல்லாண்டுகளாகத் தோல் புற்றுநோயைப் பொறுத்துக்கொண்டே நடித்து வந்தவர். 1995இல் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், நோயின் தழும்புகள் தெரியும் முகத்தோடு தொலைக்காட்சி நேர்காணலுக்கு வந்தார். தம் கல்லறையில் என்ன எழுத வேண்டும் என்ற பழைய கேள்விக்கு, பிறருக்கு மிகக் குறைவாகவே தீங்கு செய்தவர் என்று எழுதினால் போதும், அதுவும் எளிதல்ல என்றார்.

ஒரே வேடத்தில் சிக்கி அவதிப்பட்டவர்கள் உண்டா?

உண்டு, வெற்றி பெற்றவர்களின் கதையை மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும். ஹாரி ஹெச் கார்பெட் ரங்கூனில் பிறந்தவர். ஜோன் லிட்டில்வுட்டின் நாடகக் குழுவில் 1955இல் இரண்டாம் ரிச்சர்ட் மன்னராக நடித்து, மேடையில் பெரிய இடம் பிடிப்பார் என எதிர்பார்க்கப்பட்டவர். 1962இல் ‘ஸ்டெப்டோ அண்ட் சன்’ வந்தது. பழைய சாமான் வண்டிக்காரத் தந்தையும், அவரிடமிருந்து தப்பித்து வேறு வாழ்க்கைக்குப் போகத் துடிக்கும் மகனும். தொடர் எவ்வளவு புகழ்பெற்றது என்றால், 1964 பொதுத் தேர்தலன்று தம் கட்சி வாக்காளர்கள் வீட்டிலேயே இருந்துவிடுவார்களே என்று அஞ்சி, ஒளிபரப்பைத் தள்ளிவைக்கும்படி தொழிற்கட்சித் தலைவர் ஹரால்ட் வில்சன் பிபிசியிடம் கேட்டார்; பிபிசியும் தள்ளிவைத்தது.

வேடத்தில் இருந்த மகனைப் போலவே நடிகருக்கும் தப்பிக்க வழி கிடைக்கவில்லை. எங்கே போனாலும் அவர் ஹெரால்ட் ஸ்டெப்டோதான். 1982இல் 57ஆம் வயதில் மாரடைப்பால் இறந்தார். தந்தையாக நடித்த வில்ஃப்ரிட் பிராம்பெல் உண்மையில் அவரைவிட 13 வயதுதான் மூத்தவர். அழுக்குக் கிழவனாக நடித்த அவர் நேரில் டப்ளின் நகரத்து நேர்த்தியான உடைக்காரர்.

‘டாட்ஸ் ஆர்மி’யில் கிழவர்களாக வருபவர்கள் உண்மையான போர்வீரர்களா?

சிலர் ஆம். இரண்டாம் உலகப் போரில் உள்ளூர்க் காவல் படையில் சேர்ந்த முதியவர்களைப் பற்றிய இந்தத் தொடர் 1968 முதல் 1977 வரை 80 பகுதிகள் ஓடியது. எப்போதும் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கும் சாதுவான காட்ஃப்ரியாக நடித்த ஆர்னால்ட் ரிட்லி 1896இல் பிறந்தவர். முதல் உலகப் போரில் சோம் போர்க்களத்தில் கடுமையாகக் காயமடைந்து ஒரு கையின் பயனைப் பெரிதும் இழந்தவர். ஸ்காட்லாந்துக்காரர் ஜான் லாரியும் அந்தப் போரைக் கண்டவர். கார்ப்பரல் ஜோன்ஸாக நடித்த கிளைவ் டன் இரண்டாம் போரில் ஜெர்மானியரிடம் கைதியாக இருந்தவர். தொடர் தொடங்கியபோது அவருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

கேப்டன் மெயின்வாரிங்காக வந்த ஆர்தர் லோ, தம் கால்சட்டை கழலும் காட்சி எதுவும் இருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுத வைத்தாராம். அந்தக் கண்டிப்பில் பாதி மெயின்வாரிங் இருக்கிறார். சார்ஜென்ட் வில்சனாக நடித்த ஜான் லெ மெஷூரியருக்கு 1971இல் ‘டிரெய்ட்டர்’ என்ற தீவிர நாடகத்தில், நாட்டைக் காட்டிக்கொடுத்த உளவாளியாக நடித்ததற்காக பாஃப்டா கிடைத்தது. 1983இல் அவர் இறந்தபோது ‘தி டைம்ஸ்’ நாளிதழில் வந்த அறிவிப்பு அவரே எழுதி வைத்தது: நவம்பர் 15 அன்று தாம் மூச்சை விட்டுவிட்டதைத் தெரிவித்துக்கொள்வதாகவும், குடும்பத்தாரையும் நண்பர்களையும் காணாமல் வருந்துவதாகவும்.

நடிகைகளுக்கு இதே வாய்ப்பு கிடைத்ததா?

நாற்பது வயதுக்கு மேல் நாயகியாகும் வாய்ப்பு திரைப்படத்தைவிடத் தொலைக்காட்சி நகைச்சுவையில் அதிகம் என்று துணிந்து சொல்லலாம். பட்ரிஷியா ரௌட்லெட்ஜுக்கு ‘கீப்பிங் அப் அப்பியரன்சஸ்’ 1990இல் தொடங்கியபோது வயது 61. குடும்பப் பெயர் பக்கெட். அதைப் பொக்கே என்றுதான் உச்சரிக்க வேண்டும் என்று வற்புறுத்தும் ஹயசின்த் வேடம். தொலைபேசியை எடுத்ததும் இது பொக்கே இல்லம், இல்லத்தரசி பேசுகிறேன் என்பார். பக்கத்து வீட்டு இசைக்காரரைக் கண்டதும் உரத்த குரலில், சுருதி பிசகப் பாடுவார். அவரும் பாய்ந்து ஒளிவார். இப்படிக் கர்ணகடூரமாகப் பாடியவர் முறையாகப் பயின்ற பாடகி. 1968இல் பிராட்வே இசை நாடகத்துக்காக டோனி விருது பெற்றவர். தப்பாகப் பாடுவதைச் சரியாகச் செய்ய அவ்வளவு பயிற்சி வேண்டியிருக்கிறது. 1995இல் தாமே அத்தொடரை நிறுத்திக்கொண்டு, அடுத்த ஆண்டே துப்பறியும் முதியவள் ஹெட்டி வெய்ன்த்ராப் ஆனார். 2025இல் 96 வயதில் காலமானார்.

‘ஃபால்ட்டி டவர்ஸ்’ ஹோட்டல்காரரின் மனைவி சிபிலாக நடித்த புருனெல்லா ஸ்கேல்ஸ், பின்னாளில் எலிசபெத் அரசியாக மேடையிலும் திரையிலும் நடித்தார். முதுமையில் நினைவாற்றல் மங்கியபோதும், கணவரும் நடிகருமான திமோதி வெஸ்டுடன் கால்வாய்ப் படகில் பயணம் செய்யும் நிகழ்ச்சியைத் தொடர்ந்தார். அத்தொடரை எழுதியவர்களில் ஒருவரான கோனி பூத் நடிப்பை விட்டு உளச் சிகிச்சையாளரானார்.

‘மிஸ்டர் பீன்’ ரோவன் அட்கின்சன் பேசவே மாட்டாரா?

நன்றாகப் பேசுவார்; நியூகாசிலிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் மின்பொறியியல் படித்தவர். திக்குவாய் உண்டு, வேறொருவராக மாறி நடிக்கும்போது அது பெரும்பாலும் மறைந்துவிடும் என்று அவரே கூறியிருக்கிறார். ‘பிளாக்ஆடர்’ தொடர் முழுக்க அவர் நாக்கில்தான் ஓடியது. பீன் வேடத்தை 1987இல் கனடாவின் மொன்றியால் விழாவில், பிரெஞ்சு பேசுவோருக்கான மேடையில் சோதித்துப் பார்த்தார். சொல் இல்லாமலே சிரிக்கிறார்களா என்று அறிய. 1990 புத்தாண்டு நாளில் தொலைக்காட்சிக்கு வந்த அத்தொடரில் மொத்தம் 15 பகுதிகளே உண்டு. தமிழ் வீடுகளில் திரும்பத் திரும்ப ஓடியதால் நூறு இருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள்.

ஹியூ லாரி அமெரிக்கரா?

ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்த ஆங்கிலேயர். 1980இல் கேம்பிரிட்ஜ் அணிக்காகப் படகுப் போட்டியில் துடுப்புப் போட்டவர். ‘பிளாக்ஆடர்’ தொடரில் அசட்டு இளவரசர். ‘ஹவுஸ்’ மருத்துவத் தொடருக்கான நடிப்புச் சோதனையை, நமீபியாவில் ஒரு படப்பிடிப்பின் இடையே ஹோட்டல் குளியலறையில் வெளிச்சம் நன்றாக இருந்ததால் அங்கேயே பதிவுசெய்து அனுப்பினார். அதைப் பார்த்தவர்கள் உண்மையான அமெரிக்க நடிகர் கிடைத்துவிட்டார் என்று மகிழ்ந்தார்கள். 2004 முதல் 2012 வரை அத்தொடர் ஓடியது.

தெற்காசிய நடிகர்களின் நிலை என்ன?

நம் பக்கத்தில் பலர் முதலில் பார்த்தது 1977இல் தொடங்கிய ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ ஆக இருக்கும். அதில் சீக்கியர் ரஞ்சித்தாக வந்த ஆல்பர்ட் மோசஸ் இலங்கையில் பிறந்தவர். உச்சரிப்பைக் கேலி செய்தே ஓடிய தொடர் அது. இலங்கை, இந்தியா, மலேசியா எனப் பல நாடுகளுக்கு விற்கப்பட்டபோதும், இனங்களை இழிவாகக் காட்டுகிறது என்று கருதிய நிறுவன அதிகாரி 1979இல் அதை நிறுத்தினார். ஆசிரியராக நடித்த பாரி எவன்ஸுக்கு அதன்பின் வாய்ப்புகள் அருகின. வாடகைக் கார் ஓட்டிப் பிழைத்த அவர் 1997இல் 53 வயதில் இறந்தார்.

அதற்குச் சரியான பதிலடி 1998இல் தொலைக்காட்சிக்கு வந்த ‘குட்னெஸ் கிரேஷியஸ் மீ’. மும்பை இளைஞர் கூட்டம் ஒன்று இரவில் ஆங்கில உணவகத்துக்குப் போய், பட்டியலில் இருப்பதிலேயே சப்பென்ற பண்டம் எது என்று கேட்டு, பணியாளரின் பெயரை வேண்டுமென்றே சிதைத்துக் கூப்பிடும் காட்சி அதில் உண்டு. வெள்ளிக்கிழமை இரவுகளில் இந்திய உணவகங்களில் நடப்பதை அப்படியே திருப்பிப் போட்டார்கள். அதில் நடித்த சஞ்சீவ் பாஸ்கரும் மீரா சயாலும் ‘தி குமார்ஸ்’ தொடரில் பேரனும் பாட்டியும் ஆனார்கள். 2005இல் திருமணமும் செய்துகொண்டார்கள். பாஸ்கர் 2015 முதல் ‘அன்ஃபர்காட்டன்’ தொடரில் பழைய கொலைகளைத் துப்பறிகிறார். சயாலுக்கு 2023இல் பாஃப்டாவின் மிக உயர்ந்த கௌரவம் கிடைத்தது.

தமிழ்ப் பெயர் ஒன்றும் இங்கே உண்டு. இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு 1978இல் கிராலியில் பிறந்த ரோமேஷ் ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து நகைச்சுவைக்கு வந்தவர். தந்தையின் மதுக்கூடத்தை விருப்பமின்றி ஏற்று நடத்தும் மகனைப் பற்றி அவர் எழுதி நடித்த ‘தி ரிலக்டன்ட் லேண்ட்லார்ட்’ அவருடைய சொந்த வீட்டுக் கதையிலிருந்து எடுத்தது.

புதிதாகப் பார்ப்பவர் எங்கே தொடங்கலாம்?

ஒரு நடிகரைப் பிடித்துக்கொண்டு, அவருடைய சிரிப்புத் தொடர் ஒன்றையும் தீவிரத் தொடர் ஒன்றையும் அடுத்தடுத்துப் பார்ப்பது நல்லது. கோல்மனுக்கு ‘பீப் ஷோ’, பிறகு ‘பிராட்சர்ச்’. ஜேசனுக்கு மதுக்கூடக் காட்சி வரும் பகுதி, பிறகு ‘ஃப்ராஸ்ட்’ தொடரின் முதற்கதை. கோல்மனையும் ஹியூ லாரியையும் ஒரே தொடரில் காண விரும்பினால் 2016இல் வந்த ‘தி நைட் மேனேஜர்’ போதும்: ஆயுத வியாபாரியாக லாரி, அவரைத் துரத்தும் உளவுத்துறை அதிகாரியாக கோல்மன். இருவரும் கேம்பிரிட்ஜ் மாணவர் மன்றத்தில் கோமாளித்தனம் செய்து தொடங்கியவர்கள். இருவருக்கும் இத்தொடருக்காக கோல்டன் குளோப் கிடைத்தது. அதிகாரி நிறைமாதக் கர்ப்பிணியாக வருவது வேடமல்ல. படப்பிடிப்பின்போது கோல்மன் உண்மையிலேயே கர்ப்பமாக இருந்தார், கதையை அதற்கேற்ப மாற்றிக்கொண்டார்கள்.